நடையை வைத்தே உயரத்தைச் சொல்லும் ஏஐ... டேப் இருக்கும்போது இது எதற்கு?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அடுத்து ஒரகடம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலையோரம் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரின் நடையும் ஒவ்வொரு தினுசு. சேஃப்டி ஷூவின் கனத்தில் தரையை அழுத்தி நடப்பவர், எட்டு மணி நேரம் நின்ற அலுப்பில் காலை இழுத்துப் போடுபவர், பஸ்ஸைப் பிடிக்க எட்டி எட்டி வைப்பவர் என்று எல்லாரும் உண்டு. "தூரத்துல வர்றப்பவே நடையைப் பார்த்து ஆளைச் சொல்லிடுவேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அதே வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால்? பாக்கெட்டில் ஒரு போன், பத்து நிமிட நடை, ஒரு மெஷின் லேர்னிங் மாடல். "இவர் உயரம் 168 செ.மீ." என்று திரையில் வருகிறது. பொறியியல் மாணவர்களின் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அச்சாகப் பொருந்தும் தலைப்பு இது. செலவு கம்மி, டெமோ பிரமாதம். ஆனால் இதில் கைதட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அவை மாணவர்களுக்கு மட்டுமானவை அல்ல. பாக்கெட்டில் போன் வைத்துக்கொண்டு நடக்கும் எல்லாருக்கும் பொருந்தும்.

நடைக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிஜம்தான். நடக்கும்போது கால் ஒரு ஊசல் மாதிரி ஆடுகிறது. நீளமான ஊசல் மெதுவாக ஆடும், குட்டையான ஊசல் வேகமாக ஆடும். அதனால்தான் அப்பா ஓர் அடி வைப்பதற்குள், கையைப் பிடித்து வரும் குழந்தை இரண்டு மூன்று அடி வைத்துவிடுகிறது.

காலடியின் நீளமும் அப்படித்தான். சாதாரண நடையில் ஒரு காலடி என்பது உயரத்தில் சுமார் 41 சதவீதம் என்பது, நடை எண்ணும் கருவிகளில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு. 165 செ.மீ. உயரமானவருக்கு ஏறக்குறைய 68 செ.மீ. ஐபோனில் ஹெல்த் ஆப் உங்கள் உயரத்தைக் கேட்பதற்கும் இதுவே காரணம். உயரம் தெரிந்தால்தான் காலடி நீளத்தையும் நடை வேகத்தையும் ஒழுங்காகக் கணக்கிட முடியும். மாணவர்கள் செய்வது அதே கணக்கைத் தலைகீழாகப் போடுவது: நடையைக் கொடுத்து உயரத்தை வாங்குவது.

இதற்கான கருவி எல்லார் போனிலும் இருக்கிறது. ஆக்சிலரோமீட்டர் என்ற சின்ன சென்சார், போன் எந்தத் திசையில் எவ்வளவு குலுங்குகிறது என்று நொடிக்கு 50 தடவை, 100 தடவை என்று குறித்துக்கொண்டே இருக்கும். குதிகால் தரையில் படும்போது ஒரு மேடு, கால் வீசும்போது ஒரு பள்ளம். ஈசிஜி மாதிரி ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டிலிருந்து மாடல் உயரத்தை ஊகிக்கிறது.

அப்படியானால் சுலபம்தானே?

இல்லை. 165 செ.மீ. உயரமானவரையும் 175 செ.மீ. உயரமானவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் 10 செ.மீ. வித்தியாசம். காலடியில் வெறும் 4 செ.மீ. ஆனால் ஒரே ஆள் ஆற அமர நடப்பதற்கும் அவசரமாக நடப்பதற்கும் நடுவே காலடி நீளம் 10 செ.மீ.க்கு மேல் மாறிவிடும். செருப்பு, சேறு, தோளில் பை, முழங்கால் வலி எல்லாமே அதை மாற்றும்.

ஊசல் கணக்கும் பெரிதாகக் கைகொடுக்காது. கால் 10 சதவீதம் நீளமானால், ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் 5 சதவீதம்தான் கூடும். போதாக்குறைக்கு, ஆக்சிலரோமீட்டர் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, குலுக்கத்தைத்தான் அளக்கிறது. அதிலிருந்து தூரத்துக்குப் போகும் வழியில் பிழை சேர்ந்துகொண்டே போகும். சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கிற கதைதான்.

பிறகு எப்படி '98 சதவீதத் துல்லியம்' வருகிறது?

பல ப்ராஜெக்டுகள் கோட்டைவிடுகிற இடம் இது. தவறு மாணவர்களின் நேர்மையில் இல்லை, சோதிக்கும் முறையில் இருக்கிறது.

ஓர் உதாரணம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 'மோஷன்சென்ஸ்' என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். 24 பேர், பாக்கெட்டில் ஐபோன் 6எஸ், நடை, ஓட்டம், படி ஏறுதல், இறங்குதல் என ஆறு செயல்கள். கூடவே ஒவ்வொருவரின் உயரம், எடை, வயது, பாலினம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உயரத்தைக் கணிக்க நினைக்கும் மாணவருக்குக் கிடைத்த வரம்.

இந்தத் தரவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டினால் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைக்கும். அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் ஒதுக்குவார்கள். பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் துண்டுகள் எத்தனை ஆயிரமானாலும், உள்ளே இருப்பது 24 பேர்தான். ஒரே ஆளின் துண்டு பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாடல் உயரத்தைக் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லை. "இது ஏழாம் நம்பர் ஆளின் நடை, அவர் உயரம் இவ்வளவு" என்று மனப்பாடம் செய்தால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், வினாத்தாள் முன்கூட்டியே லீக் ஆன பரீட்சை அது. அதில் 98 மார்க் வாங்கியதற்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் இந்தத் துல்லியத்துக்கும்.

சரியான வழி ஒன்று இருக்கிறது. 23 பேரின் நடையைக் காட்டிப் பயிற்சி கொடுத்து, மாடல் பார்த்தே இராத 24-வது ஆளின் உயரத்தைக் கேட்க வேண்டும். இப்படி ஒவ்வொருவரையும் ஒரு தடவை வெளியே நிறுத்திச் சோதிக்க வேண்டும். இதைச் செய்ததும் பல மாடல்களின் மினுமினுப்பு குறைந்துவிடும். ரிவ்யூவில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையான மார்க் அதுதான்.

'சராசரிப் பிழை 5 செ.மீ.தான்' என்றால் நல்ல மாடல் இல்லையா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள்.

உலக நாடுகளின் உயரங்களை ஒப்பிட்டு 2016-ல் வெளியான பெரிய ஆய்வொன்று, 1996-ல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரத்தைச் சுமார் 165 செ.மீ. என்றும், பெண்களின் சராசரியைச் சுமார் 153 செ.மீ. என்றும் மதிப்பிட்டது. ஒரே பாலினத்தவர் பெரும்பாலும் தங்கள் சராசரியிலிருந்து ஆறேழு செ.மீ. கூடக் குறைய இருப்பார்கள்.

இப்போது ஒரு சோம்பேறி மாடலைக் கற்பனை செய்யுங்கள். நடையைப் பார்க்கவே பார்க்காது. எதிரில் ஆண் என்றால் 165, பெண் என்றால் 153 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அதற்கே சராசரிப் பிழை ஏறக்குறைய 5 செ.மீ.தான் வரும்!

ஆக, 5 செ.மீ. பிழை என்று சொல்லும் மாடல் நடையிலிருந்து உயரத்தைக் கற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆணா பெண்ணா என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டு, மீதியைச் சராசரியில் ஓட்டியிருக்கலாம். "சும்மா சராசரியைச் சொன்னாலே எவ்வளவு பிழை வரும்? அதைவிட உங்கள் மாடல் எவ்வளவு மேல்?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் அது ப்ராஜெக்ட். இல்லையென்றால் வெறும் டெமோ.

யாருடைய நடையில் கற்றது, யாருடைய நடையை அளக்கப் போகிறது?

கல்லூரி ப்ராஜெக்டில் தரவு யாரிடமிருந்து வரும்? வகுப்புத் தோழர்கள், ஹாஸ்டல் நண்பர்கள். இருபது, இருபத்தொரு வயது. ஸ்னீக்கர்ஸ். காலேஜ் காரிடாரின் வழவழப்பான தரை. அதே மாடலை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தால், எதிரே வருபவர் சேஃப்டி ஷூ போட்ட நாற்பத்தைந்து வயது ஃபிட்டர், புடவையில் வேகமாக நடக்கும் கேன்டீன் ஊழியர், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்த செக்யூரிட்டி. மாடல் இவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கூச்சமில்லாமல் ஒரு எண்ணைச் சொல்லும். தெரியாது என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இது கல்லூரிக்குள் மட்டும் நடக்கும் தவறு அல்ல. இதே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமான ஜிஏஆர்சி இருக்கிறது. வாகனப் பாதுகாப்புச் சோதனைகள் அதன் முக்கிய வேலை. உலகம் முழுக்கக் கார் மோதல் சோதனைகளில் அதிகம் புழங்கும் 'ஹைப்ரிட் 3' ஆண் பொம்மையின் உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. 1970-களின் அமெரிக்க நடுத்தர ஆணை மனதில் வைத்துச் செய்தது. சராசரி இந்திய ஆணைவிட 10 செ.மீ. உயரம். அதே வரிசையில் 'மிகக் குள்ளமான பெண்' என்ற கணக்கில் செய்த பொம்மையின் உயரம் சுமார் 152 செ.மீ. நம் ஊரில் அது சராசரிப் பெண்ணின் உயரம்.

யாரை அளந்தோம் என்பதை மறந்துவிட்டால், ஒரு நாட்டின் 'விதிவிலக்கு' இன்னொரு நாட்டின் சாதாரண மனிதராக இருப்பது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

சரி, டேப் இருக்கே... எதற்கு இவ்வளவு பாடு?

ஆணிவேரான கேள்வி இதுதான். ஒருவரின் உயரம் வேண்டுமென்றால் சுவரோரம் நிற்க வைத்து டேப்பால் அளக்கலாம். பத்து விநாடி வேலை, பிழை அரை செ.மீ. அதைவிடச் சுலபம், "உங்க ஹைட் என்ன?" என்று கேட்பது.

அப்படியானால் நடையிலிருந்து உயரத்தை ஊகிக்க வேண்டிய தேவை எப்போது வரும்? ஆளைக் கேட்க முடியாதபோது. அல்லது கேட்க விருப்பமில்லாதபோது. இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

கேட்க முடியாத இடத்துக்கு உதாரணம், குற்ற விசாரணை. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சிசிடிவியில் பதிவானவர் ஹெல்மெட் அணிந்திருந்தார், முகம் தெரியவில்லை. அந்த வழக்கில் சிறப்புப் புலனாய்வுக் குழு நடைப் பகுப்பாய்வையும் கையில் எடுத்தது. முகத்தை மறைக்கலாம், நடையை மறைப்பது கஷ்டம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அதே 2017-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி, நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் நடைப் பகுப்பாய்வுக்கான அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு என்று எச்சரித்தது. சந்தேகத்தின் திசையைக் காட்ட நடை உதவலாம். அதை மட்டும் நம்பி ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

கேட்க விருப்பமில்லாத இடம், நம் பாக்கெட். ஆண்ட்ராய்டு போனில் கேமராவுக்கும் மைக்குக்கும் ஆப்கள் அனுமதி கேட்கின்றன. ஆனால் திறந்திருக்கும் ஒரு ஆப், நொடிக்கு 200 தடவை வரை ஆக்சிலரோமீட்டரைப் படிக்க உங்களிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. குலுக்கம்தானே, அதில் என்ன ரகசியம் என்று நினைத்த காலத்து ஏற்பாடு அது. மோஷன்சென்ஸ் தரவைத் திரட்டிய ஆய்வாளர்களின் நோக்கமே, இந்தக் குலுக்கத்திலிருந்து பாலினம் போன்ற அந்தரங்கத் தகவல்கள் கசியாமல் தடுக்கும் வழியைத் தேடுவதுதான். பூட்டு செய்யத் திரட்டிய தரவைச் சாவி செய்யவும் பயன்படுத்தலாம்.

தொழிற்சாலைக்குள் வந்தால்?

நல்லதும் நடக்கலாம். நின்றுகொண்டு அசெம்பிளி வேலை செய்பவரின் மேசை, அவருடைய முழங்கை உயரத்தை ஒட்டி அமைய வேண்டும். நிற்கும்போது முழங்கை, உயரத்தில் சுமார் 63 சதவீதத்தில் இருக்கும். 153 செ.மீ. உயரமான பெண்ணுக்கு 96 செ.மீ. 175 செ.மீ. பொம்மைக் கணக்கில் செய்தால் 110 செ.மீ. அந்த 14 செ.மீ. வித்தியாசத்தைத் தோள்பட்டையைத் தூக்கித் தூக்கி ஈடுகட்டுபவர் அந்தப் பெண்தான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதற்கு ஊகம் தேவையில்லை. ஊழியரைக் கேட்டு, டேப்பால் அளந்து, மேசையை ஏற்றி இறக்கினால் போதும்.

கவலை வேறு இடத்தில். அதே நடைத் தரவு, யார் சோர்ந்திருக்கிறார், யாருக்கு முழங்கால் தேய்கிறது, யார் வேகம் குறைந்துவிட்டார் என்பதையும் காட்டிக்கொடுக்கும். வயதானவர்களின் நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை, 34,000-க்கும் அதிகமானோரின் தரவைக் கொண்டு 2011-லேயே ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வு காட்டிவிட்டது. டாக்டரின் கையில் அது மருந்து. கான்ட்ராக்ட் ரின்யூவல் செய்பவர் கையில் அது வேறு.

சட்டம் காப்பாற்றாதா? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. அதற்கான விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அமலாக 18 மாத அவகாசத்தோடு. ஆனால் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குத் தரவைப் பயன்படுத்தத் தனியாக ஒப்புதல் தேவையில்லை என்று இடம் விடுகிறது. உடல்சார்ந்த தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு அடுக்கும் அதில் இல்லை. காவல் துறை பக்கம் போனால், 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தில் 'அளவீடுகள்' என்பதற்குள் காலடித் தடமும் நடத்தை சார்ந்த பண்புகளும் வருகின்றன. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுக் கவலை இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே யாரும் அறிவியலை எதிர்க்கவில்லை. குற்றம் எதுவும் செய்யாமலே, பிறப்பைக் காரணம் காட்டி உடலைப் பதிவேட்டில் ஏற்றுவதை எதிர்த்தார்கள்.

அப்படியென்றால் இந்த ப்ராஜெக்டே வேண்டாமா?

தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். சிக்னல் ப்ராசஸிங், புள்ளியியல், உடலியக்கம் மூன்றையும் ஒரே இடத்தில் கற்றுத்தரும் தலைப்பு இது. இதே மாநிலத்தில் நடையைப் படித்து உருப்படியாக ஒன்றைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் மறுவாழ்வுக் கருவிகள் மையம் 2022-ல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால் மூட்டை அறிமுகப்படுத்தியது. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் தடுமாறாமல் நடக்க உதவும் மூட்டு அது. இந்தியில் 'கதம்' என்றால் காலடி. அங்கே நடையை ஆராய்ந்தது, நடப்பவருக்காக.

மாணவர்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே ப்ராஜெக்ட் தரமாகிவிடும். உயரத்தை டேப்பால் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். "இந்த உயரத்துக்கு இயல்பான காலடி இவ்வளவு இருக்கலாம், இவருடையது குறைந்துகொண்டே வருகிறதே, ஏன்?" என்று மாடலைக் கேட்க வையுங்கள். விழுந்து எலும்பு முறியும் அபாயத்தில் இருக்கும் பாட்டிக்கும், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவருக்கும் அந்தப் பதில் பயன்படும்.

நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா தொடங்கி கல்லூரி ரிவ்யூ வரை, இந்த வகை ப்ராஜெக்டுகளுக்கு மார்க் போடுபவர்கள் நான்கு விஷயங்களைக் கட்டாயமாக்கலாம். ஒன்று, மாடல் பார்க்காத புது ஆட்களிடம் சோதித்த பிழை எவ்வளவு? இரண்டு, வெறும் சராசரியைச் சொன்னால் வரும் பிழை எவ்வளவு? மூன்று, யார் யாரிடம் தரவு எடுத்தீர்கள், யாரிடம் எடுக்கவில்லை? நான்கு, நடந்து காட்டியவர்களிடம் எதற்காக என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினீர்களா, "வேண்டாம், அழிச்சிடுங்க" என்று பிறகு ஒருவர் சொன்னால் அழிக்க வழி வைத்திருக்கிறீர்களா?

இந்த நான்குக்கும் பைசா செலவில்லை. இன்று ரிவ்யூ ஹாலில் நிற்கும் மாணவர்களில் சிலர், இரண்டு வருடம் கழித்து இதே சாலையில் ஏதாவது ஒரு கம்பெனியின் டேட்டா டீமில் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா காட்சியைக் கொடுத்து, "ஒர்க்கர்ஸ் நடக்கிறதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமா?" என்று மேனேஜர் கேட்கும் நாள் வரலாம். முடியும் என்று சொல்வதற்கு முன்னால், "அவங்களைக் கேட்டீங்களா சார்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அன்றைக்குத் திடீரென வந்துவிடாது. அதைப் பழக வேண்டிய இடம் கல்லூரிதான்.